காப்பக ஆயாவுக்கும் ஒரு கிரேடு: ஊதியத்தையும் பயிற்சியையும் ஒரே தாளில் எழுதும் முறை

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியின் வாசலில் நிற்பவரைக் கேட்டாலும், எந்த வேலைக்கு என்ன கூலி என்பதை விரல்விட்டுச் சொல்லிவிடுவார். கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங் ஆகியவற்றுக்கு ஒரு கூலி. செக்கிங், லேபிள், கைமடி, டேமேஜ் ஆகியவற்றுக்கு வேறு கூலி. உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேசிக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இவை ஒவ்வொன்றும் பெயர் சொல்லி இடம்பெறுகின்றன. அதே கம்பெனியின் பின்கட்டில் உள்ள காப்பகத்தில், தொழிலாளர்களின் பதினைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு என்ன கிரேடு என்று கேட்டால், கணக்கர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஹெல்பர்ல போட்டிருக்கோமுங்க" என்பார். சில இடங்களில் அவர் துப்புரவுப் பணியாளர் வரிசையில் இருப்பார்.

ஆயத்த ஆடை நிறுவனங்களின் பணியாளர் நலப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். காப்பகப் பணியாளரின் ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்று பேசுவோர் பயிற்சியைத் தனியாகவும், பயிற்சி தர வேண்டும் என்போர் ஊதியத்தைத் தனியாகவும் பேசுகிறார்கள். இரண்டும் தனித்தனியே போனால் இரண்டுமே நிலைப்பதில்லை. பயிற்சி பெற்றவருக்குக் கூலி ஏறாவிட்டால் அவர் ஆறே மாதத்தில் செக்கிங் மேசைக்குப் போய்விடுவார். பயிற்சி இல்லாமல் கூலியை மட்டும் ஏற்றினால், அடுத்த ஆர்டர் குறையும்போது முதலாளியின் கண் முதலில் அந்தக் கூலியின் மேல்தான் விழும். ஆகவே இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதே இங்கே சொல்லப்படும் முறை. நிறுவன மேலாளர், தொழிற்சங்கப் பொறுப்பாளர், காப்பகத்தில் வேலை செய்பவர் ஆகிய மூவரில் யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம்.

முதலில் வேலையைப் பார்த்து எழுதுங்கள்

ஒரு நாள் காலை எட்டேகால் மணிக்குக் காப்பக வாசலில் போய் நில்லுங்கள். எட்டரை மணி ஷிப்டுக்கு முந்திய அந்தக் கால் மணி நேரத்தில் நடப்பதை எழுதினாலே தாளின் பாதி நிறைந்துவிடும். நான் அப்படி நின்ற ஒரு காலையில், ஒரு தாய் ஏழு மாதக் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு, "ராத்திரி ரெண்டு தடவை வயித்தால போச்சுங்க அக்கா" என்று சொல்லியபடியே ஓடினார். ஆயா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நாக்கின் ஈரத்தைப் பார்த்தார். வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டு, அது உடனே படிகிறதா என்று கவனித்தார். பின்னர் நோட்டில் நேரத்தைக் குறித்தார். நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்று அரசு சுகாதார நிலையத்துச் செவிலியர் பார்ப்பதும் இப்படித்தான். யாரோ ஒருவர் என்றோ அந்த ஆயாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஊதியப் பதிவேட்டில் அதற்கு ஒரு எழுத்தும் இல்லை.

இப்படி மூன்று நாள்கள் பார்த்து, அவர் செய்பவற்றையெல்லாம் வரிசையாக எழுதுங்கள்: பிள்ளையை வாங்கிக்கொள்வது, உடல்நிலை பார்ப்பது, பால் ஆற்றுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது, மலம் கழுவி விடுவது, கதை சொல்வது, சண்டை விலக்குவது, தாய் வரும்போது அன்றைய நிலையைச் சொல்வது, கணக்கு எழுதுவது. வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் உள்ள நிறுவனமானால் மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லடம் சாலையில் ஒரு காப்பகத்தில் பானி, பூக், நீந்த் என்று பத்து இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர் எட்டாம் வகுப்பு வரை படித்த ஓர் ஆயா. அதுவும் திறன்தான், தாளில் ஏற வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

முதலாளியிடம் பேசப் போகும்போது இரக்கத்தை நம்பிப் போக வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று சொன்னதோடு நிற்கவில்லை. அந்த அறை, குழந்தைகளைப் பேணுவதில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 'பயிற்சி பெற்ற' என்ற அந்தச் சொல்லைத்தான் எல்லோரும் மறந்துவிட்டோம். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டம் ஐம்பது பணியாளரோ அதற்கு மேலோ உள்ள எல்லா நிறுவனங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்ற உரிமையையும் கொடுத்தது. இந்தப் பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஐம்பது என்ற அளவையே வைத்திருக்கின்றன. வால்பாறை போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளுக்கு 1951-ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தை வற்புறுத்தியது. ஆக, பயிற்சி இல்லாதவரை ஹெல்பர் கூலியில் வைத்துக் கணக்குக் காட்டும் நிறுவனம், செலவை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சட்டம் சொன்ன சொல்லைத் தட்டிக்கழிக்கிறது என்பதே உண்மை. ஏற்றுமதி நிறுவனமானால் வெளிநாட்டு வாங்குபவரின் தணிக்கையாளர் வருவார்; அவர் காப்பகத்தின் வண்ணச் சுவரைப் படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், பொறுப்பாளரின் பயிற்சிச் சான்றைக் கேட்கும்படி தொழிற்சங்கம் செய்ய முடியும்.

படிகளை அமைப்பது

இப்போது தாளின் மையப்பகுதிக்கு வருவோம். நான் பரிந்துரைப்பது நான்கு படிகள். புதிதாகச் சேருபவர் முதல் மூன்று மாதங்கள் முதற்படியில் இருப்பார். அவரைக் குழந்தைகளோடு தனியாக விடக்கூடாது. முதலுதவியும் கைக்குழந்தைப் பராமரிப்பும் கற்று, பொறுப்பாளர் கண்முன் செய்து காட்டியபின் இரண்டாம் படி. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாளின் விளையாட்டையும் கதையையும் பாட்டையும் தாமே திட்டமிட்டு நடத்தக் கூடியவருக்கு மூன்றாம் படி. மற்றவருக்குக் கற்றுக்கொடுத்து, காப்பகத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்பவருக்கு நான்காம் படி.

கூலியை எப்படி நிர்ணயிப்பது என்பதில்தான் பேச்சுவார்த்தைகள் உடைகின்றன. குறைந்தபட்ச ஊதியத்தை மட்டும் காட்டிப் பேசினால் அதுவே உச்சமாகிவிடும். அது தரைமட்டம், அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். அதைவிட எளிய வழி ஒன்று கொங்கு நாட்டில் கைவசம் இருக்கிறது: கம்பெனியிலேயே எல்லோருக்கும் தெரிந்த கூலிகளோடு ஒப்பிடுவது. முதற்படிக்கு ஹெல்பர் கூலியை விட்டுச் செக்கிங் கூலியைக் கேளுங்கள். நான்காம் படிக்குப் பவர்டேபிள் (மின்சாரத் தையல் மெஷின்) டெய்லரின் கூலியைக் கேளுங்கள். நடுவில் உள்ள இரண்டையும் சம இடைவெளியில் வையுங்கள். இதில் ஒரு நன்மை உண்டு. டெய்லர் கூலி ஒப்பந்தத்தில் ஏறும்போது காப்பகக் கூலியும் தானே ஏறும். ஒவ்வொரு முறையும் தனியாகப் போய்க் கையேந்த வேண்டியதில்லை. சேலத்திலோ கோவையிலோ உள்ள நூற்பாலையானால் அங்குள்ள வேலைப் பெயர்களையும், கரூரில் வீட்டு உபயோக ஜவுளி நிறுவனமானால் அங்குள்ளவற்றையும் வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சப்படியைத் தவறாமல் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகளில் அடிப்படை ஊதியம் ஒரு வரி, விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் பஞ்சப்படி மற்றொரு வரி. அது ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் மாறும். 'மாதம் மொத்தம் இவ்வளவு' என்று ஒரே தொகையாக எழுதினால் பஞ்சப்படி அதற்குள் கரைந்துபோகும். 1984-இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் நெடுநாள் வேலை நிறுத்தம் செய்ததே பஞ்சப்படிக்காகத்தான் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாதது: ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதிக் கப்பலுக்கு நாள் நெருங்கும்போது டெய்லர்கள் இரவு எட்டரை வரை தைக்கிறார்கள்; அவர்களுக்கு அரை ஷிப்ட் கூலி எழுதப்படுகிறது. குழந்தைகள் காப்பகத்திலேயே இருப்பதால் ஆயாவும் இருக்கிறார். அவருக்கு மாதச் சம்பளம் என்ற காரணத்தால் எதுவும் எழுதப்படுவதில்லை. நான் இருந்த ஒரு நிறுவனத்தில் ஒரு தீபாவளி மாதத்தில் மட்டும் பத்தொன்பது மாலைகள் ஓர் ஆயா இப்படி நின்றார். கேட்டபோது, "குழந்தைங்களோட விளையாடிட்டுத்தானே இருக்கீங்க" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். மிகைநேரத்துக்கு இருமடங்கு கூலி என்ற விதி தையல் மெஷினுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. காப்பகத்துக்கென்று தனி வருகைப் பதிவேடு வைத்து, கடைசிக் குழந்தை கிளம்பிய நேரத்தையும் அதை அழைத்துச் சென்றவரின் கையெழுத்தையும் நாள்தோறும் வாங்குங்கள். பாதுகாப்புக்கான பதிவேடு அது. மிகைநேரக் கணக்குக்கும் அதுவே சாட்சி.

வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் வைப்பு நிதியும், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஈ.எஸ்.ஐ.யும் உண்டு, ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. பணிக்கொடைக்குக் கணக்கு இப்படி: கடைசி மாத ஊதியம் 12,000 ரூபாய், பணிக்காலம் எட்டு ஆண்டு என்றால், 12,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, மீண்டும் எட்டால் பெருக்க, ஏறத்தாழ 55,385 ரூபாய் வரும். காப்பகத்தை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால், அவர் கொடுக்காத கூலியை முதன்மை நிறுவனமே கொடுக்கக் கடமைப்பட்டது என்பதையும், ஒப்பந்தப் பத்திரத்தில் கூலிக்கான தொகையைப் பிற செலவுகளிலிருந்து பிரித்து எழுத வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலாளிக்குக் காட்ட வேண்டிய கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு. 120 பெண்கள் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகத்தில் மூன்று பேர். இருவருக்கு மாதம் 2,500 ரூபாயும் ஒருவருக்கு 2,000 ரூபாயும் ஏற்றினால் மொத்தம் 7,000 ரூபாய். வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் நிறுவனத்தின் பங்கு சுமார் 16.25 விழுக்காடு சேர்ந்து 8,138 ரூபாய். மாதம் 26 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 313 ரூபாய். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றோ ஒரு டெய்லர் ஒரு நாள் வராமல், அவருடைய மெஷின் சும்மா கிடந்தால் அந்த லைனில் எத்தனை பீஸ் குறையும் என்பதை முதலாளியே கணக்குப் போட்டுக்கொள்வார்; நாம் போட்டுக் காட்டத் தேவையில்லை. கொங்கு நாட்டு முதலாளிகளில் பலர் தாமே மெஷினில் உட்கார்ந்து எழுந்தவர்கள் என்பதால், தொகையை நாள்கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

பயிற்சி: எதை, எங்கே, யாருடைய நேரத்தில்

'பயிற்சி கொடுத்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள்' என்ற எதிர்ப்பு வராமல் இருக்காது. போகட்டும் என்பதே என் பதில். டெய்லரும்தான் போகிறார், அதற்காக யாரும் தைக்கக் கற்றுக்கொடுக்காமல் இருப்பதில்லை. பத்திரத்தில் கையெழுத்து வாங்கி ஆளைக் கட்டிவைப்பதைவிட, பயிற்சி முடித்த மாதத்திலேயே அடுத்த படியின் கூலியைக் கொடுத்துவிடுவது ஆளை நிறுத்திவைக்கும்.

பயிற்சி நாள் வேலை நாளாகவே கணக்கிடப்பட வேண்டும். அந்த நாளின் கூலியும் பஸ் செலவும் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் வைக்கும் பயிற்சிக்கு வீட்டில் துவைக்க வேண்டிய துணியையும் ரேஷன் கடையையும் விட்டுவிட்டு வருபவர், மதியத்துக்குமேல் தூங்கத்தான் செய்வார்.

முதலில் கற்றுத்தர வேண்டியவை உயிர் காப்பவை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதேனும் அடைத்துக்கொண்டு, அழவோ இருமவோ முடியாமல் திணறினால், முன்கையில் தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறக் கிடத்தி, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டி, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் இரண்டு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-க்கு அழைக்க வேண்டும். இதைப் படத்தில் காட்டினால் போதாது. பொம்மையை வைத்து ஒவ்வொருவரும் செய்ய வேண்டும். கூடவே, கைக்குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்கச் செய்வது, சோப்புப் போட்டுக் கைகழுவுவது, உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்குவது, எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது ஆகியவை. குழந்தைமேல் பாலியல் வன்முறை நடந்ததாகத் தெரிந்தால் அதைக் காவல்துறையிடம் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

அதன்பிறகுதான் விளையாட்டும் மொழியும். அங்கன்வாடிகளுக்கென ஒன்றிய அரசு 2024-இல் வெளியிட்ட இரண்டு பாடத்திட்டங்கள் உள்ளன: பிறந்தது முதல் மூன்று வயது வரைக்கு நவசேதனா, மூன்று முதல் ஆறு வரைக்கு ஆதார்ஷிலா. தனியார் காப்பகத்தாரும் அவற்றைப் பார்த்துப் பயன்பெறலாம். ஆயினும் எனக்குத் தெரிந்த நல்ல ஆயாக்கள் பாடத்திட்டத்துக்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்: கம்பெனியின் கழிவுத் துணியில் பந்து செய்து நிறம் சொல்லிக் கொடுத்தார்கள், நூல் சுற்றிய காலிக் கோன்களை அடுக்கி எண்ணச் சொன்னார்கள். பயிற்சி கொடுக்க வருபவர் முதல் ஒரு மணி நேரம் இவர்களைப் பேசவிட்டுக் கேட்பது நல்லது.

பயிற்றுநரை எங்கே தேடுவது? முதலுதவிக்கு இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையை அணுகலாம். குழந்தை வளர்ச்சிக்கு, மனையியல் கல்வியில் நெடுநாள் பெயர் பெற்ற கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிலையங்களோடு பேசலாம். தடுப்பூசி, சத்துணவு ஆகியவற்றுக்கு அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம சுகாதாரச் செவிலியரைவிடச் சிறந்தவர் கிடைக்கமாட்டார். சிறு நிறுவனங்கள் நான்கைந்து சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இருபது ஆயாக்கள் ஒரு கூடத்தில் உட்காரும்போது கூலி விவரமும் தானாகவே பரிமாறப்படும் என்பதால் சில மேலாளர்கள் இதை விரும்புவதில்லை. எனக்கு அது இந்த ஏற்பாட்டின் இரண்டாவது லாபமாகத் தோன்றுகிறது.

பால்வாடி டீச்சரும் ஆயாவும்

அரசு அங்கன்வாடிகளின் நிலை வேறு. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஒன்றிய அரசு தருவது மதிப்பூதியம் என்றே பெயர் பெற்றிருக்கிறது. 2018 அக்டோபரிலிருந்து பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். தமிழ்நாடு இதற்கு மேலே சென்று சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகிறது: பணியாளருக்கு 7,700 முதல் 24,200 வரை, குறு அங்கன்வாடிப் பணியாளருக்கு 5,700 முதல் 18,000 வரை, உதவியாளருக்கு 4,100 முதல் 12,500 வரை. புதிதாகச் சேருபவருக்கு முதல் பன்னிரண்டு மாதங்கள் தொகுப்பூதியம், அதாவது மாறாத ஒரே தொகை. அதன்பிறகே காலமுறை ஊதியம். அந்தப் பன்னிரண்டாம் மாதம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்து, மறுவாரமே வட்டாரத் திட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிவைக்க வேண்டும். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

2022 ஏப்ரல் 25-இல் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் பணிக்கொடை பெறத் தகுதியுடையவர்கள் என்று தீர்ப்பளித்தது. ஓய்வை நெருங்குபவர்கள் பணியில் சேர்ந்த ஆணையையும், மையம் மாறிய ஆணைகளையும் ஒரு கோப்பில் சேர்த்துவைப்பது அதற்குத் தேவைப்படும் முதல் ஆயத்தம்.

ஊர் மக்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆயா பணியிடம் காலியாகக் கிடக்கும் மையத்தில் டீச்சரே சமைத்து, கழுவி, கைப்பேசிச் செயலியில் பதிவும் செய்து, பிள்ளைகளுக்குப் பாடவும் வேண்டியிருக்கிறது. அங்கே பயிற்சி என்பது கேலிக்கூத்து. மே 1, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில், காலியிடத்தை நிரப்பக் கோரி ஒரு தீர்மானம் எழுதி நிறைவேற்றலாம். தீர்மானத்தில் மையத்தின் பெயர், பணியிடம் காலியான தேதி, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 'ஆவன செய்ய வேண்டும்' என்று மட்டும் முடியும் தீர்மானங்கள் கோப்பிலேயே உறங்கும்.

வீடுகளில் குழந்தை பார்ப்பவர்களுக்கு இந்தத் தாள் முறை அப்படியே பொருந்தாது. அவர்கள் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும், வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்வதும் முதற்படி.

விலகும்போது கொடுக்க வேண்டிய சான்று

தாளின் கடைசி வரி, பணியாளர் விலகும்போது கொடுக்கும் பணிச் சான்றைப் பற்றியதாக இருக்கட்டும். அதில் 'ஹெல்பர்' என்று எழுதாமல் 'குழந்தைகள் காப்பகப் பராமரிப்பாளர்' என்று எழுதி, அவர் இருந்த படி, பெற்ற பயிற்சிகள், பயிற்சி முடித்த தேதிகள், கடைசியாக வாங்கிய கூலி ஆகியவற்றைச் சேர்த்து, நிறுவன முத்திரையோடு கொடுக்க வேண்டும். பத்தொன்பது மாலைகள் நின்ற அந்த ஆயா, கணவரின் லாரி வேலை மாறியதால் பெருந்துறைப் பக்கம் குடிபோனபோது நான் அப்படி ஒரு சான்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தார். புதிய கம்பெனியில் முதலில் ஹெல்பர் கூலிதான் சொன்னார்களாம். சான்றை எடுத்து மேசைமேல் வைத்தாராம். "படிச்சுப் பார்த்துட்டு, பழைய கம்பெனில என்ன குடுத்தாங்களோ அதுக்கு மேல எவ்வளவு வேணும்னு கேட்டாங்க அக்கா," என்றார்.